முப்பது கோடு

மூன்றாவது முறையும் ஏழாம் படுக்கைக்காரருக்குச் சர்க்கரை இறங்கியபோது மணி இரண்டு நாற்பது. ஐந்து நிமிடம் முன்புவரை பக்கத்துப் படுக்கைக்காரரிடம் தன் லாரிக் கதைகளை அளந்துகொண்டிருந்த மனிதர், பேச்சின் நடுவே நாக்குக் குழறி நின்றார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "வண்டிய யாருடா பின்னால எடுக்கறது?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டுவிட்டுத் தலையணையில் சரிந்தார்.

டியூட்டியிலிருந்த இளம் நர்ஸ் ஓடிப்போய் அவர் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனாலே பதற வேண்டும். நாற்பத்தொன்று என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் பதறுவதற்குக்கூட ஆள் இருக்கமாட்டார். குளுக்கோஸை நரம்பில் ஏற்றினாள். சற்று நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, அவளை அடையாளம் கண்டு சிரித்தார்.

"என்ன பி.எஸ்சி., இன்னைக்கும் என்னை மேல அனுப்பப் பாத்தியா? டிக்கெட்டு கிடைக்கலையா?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மகள் சிரிக்கவில்லை. அவள் கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. யார் எப்போது வந்தார்கள், எந்த மாத்திரை, எந்த ஊசி, எல்லாம் அதில் இருந்தது. பக்கத்தைப் புரட்டினாள்.

"போன செவ்வாய்க்கிழமை நீங்க ரெண்டு பேரு. வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டு பேரு. இன்னைக்கும் நீங்க ரெண்டு பேரு. நீங்க ரெண்டு பேரும் லீவு போட்ட ஞாயித்துக்கிழமை எங்கப்பா ஜம்முனு இருந்தாரு. அது எப்படி?"

நீங்கள் இரண்டு பேர் என்றால் இந்த நர்ஸும் பெரியக்காவும். பெரியக்கா இருபத்திரண்டு வருட நர்ஸ். அவள் சேர்ந்து ஆறு மாதம்கூட முடியவில்லை, நாளைக்குத்தான் முடிகிறது. இருபது படுக்கை உள்ள அந்தப் புண் வார்டில் எல்லோரும் அவளை பி.எஸ்சி. என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் முதலாவதாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் வந்த மரியாதை இல்லை அது. மற்றவர்கள் மூன்று வருட டிப்ளமா, இவள் நான்கு வருட டிகிரி. அந்த ஒரு வருடத்தை அவர்கள் இவளுக்கு மன்னிக்கவே இல்லை.

நாலு மணிக்கு மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்று மெமோ. இன்னொன்று அவளுடைய ஃபைல், தகுதிகாண் காலம் முடிந்து வேலையை நிரந்தரம் செய்வதற்கான ஃபைல். மேட்ரன் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்த விதத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது.

"ஒரு தடவைன்னா விபத்து. ரெண்டு தடவைன்னா கவனக்குறைவு. மூணு தடவைன்னா என்னம்மா சொல்றது? அந்தப் பொண்ணு போலீசுக்குப் போறேங்குது."

"மேடம், எனக்கும் ஒண்ணும் புரியல."

"புரியலைன்னு எழுத முடியாது. நாளைக்கு மூணு மணிக்குள்ள விளக்கக் கடிதம் வரணும். உன்கிட்டயும் வரணும், அவங்ககிட்டயும் வரணும். எனக்கு ஒரு பேரு வேணும்."

இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு இதையே சொல்லியிருப்பார் என்று அவளுக்கு அப்போதே சந்தேகம். வெளியே வந்தபோது பெரியக்கா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் வார்டுக்குத் திரும்பி, மருந்து மேசைக்கு முன்னால் நின்று யோசித்தாள்.

ஏழாம் படுக்கைக்காரருக்குக் காலையும் இரவும் அவர் வீட்டில் வாங்கிக்கொடுத்த இன்சுலின் பேனா ஊசி. அதை அவரே போட்டுக்கொள்வார். மதியம் மட்டும்தான் வார்டு மருந்து, சாப்பாட்டுக்கு முன்னால் பன்னிரண்டு யூனிட் இன்சுலின். இன்சுலின் ஆபத்தான மருந்து என்பதால் ஒருத்தி ஊசியில் எடுக்க வேண்டும், இன்னொருத்தி பார்த்துச் சரி சொல்ல வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எடுப்பது பெரியக்கா. சரி சொல்வது அவள். மேசையில் நின்று பெரியக்கா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "முப்பது" என்பார். அவள் யாருக்காவது கட்டுப் பிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்து, "சரி" என்பாள். அவ்வளவுதான்.

பன்னிரண்டு எப்படி முப்பது ஆனது என்பது அவளுடைய பெருமை. இன்சுலின் ஊசியில் வார்டு எப்போதும் பயன்படுத்தியது சிவப்பு மூடி வகை. அதில் ஒரு கோடு ஒரு யூனிட். பன்னிரண்டு வேண்டுமென்றால் பன்னிரண்டாம் கோடு. இரண்டு மாதம் முன்பு அது தீர்ந்துபோய், ஸ்டோரிலிருந்து ஆரஞ்சு மூடி ஊசி வந்தது. அது வேறு வீரியமுள்ள மருந்துக்கானது. கோடுகள் பொடிப்பொடியாக இருக்கும். வார்டுக் குப்பியிலிருந்து அதில் பன்னிரண்டு யூனிட் எடுக்க முப்பதாம் கோடுவரை இழுக்க வேண்டும். சீனியர் எல்லோரும் விரல்விட்டு எண்ணி விழித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டு ஓர் அட்டையில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். நான்குக்குப் பத்து. எட்டுக்கு இருபது. பன்னிரண்டுக்கு முப்பது. பதினாறுக்கு நாற்பது. மேட்ரனே வந்து பார்த்து, "படிச்ச பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அன்றோடு வார்டு யூனிட்டை மறந்தது. எல்லாம் கோடுதான்.

ஆகவே கணக்கில் தப்பு இல்லை. அவள் குளிர்பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திறந்த தேதி மேலே எழுதியிருந்தது. இப்போது அந்த வார்டில் குப்பி மருந்து போடுவது ஒரே ஒருவருக்குத்தான். அத்தனை நாளுக்கும் கணக்குப் பார்த்தால் குப்பியில் இருக்க வேண்டிய மருந்து இல்லை. கண்ணுக்கே தெரிகிற அளவுக்குக் குறைந்திருந்தது.

யாரோ அதிகமாக எடுத்திருக்கிறார்கள்.

பெரியக்காவின் அண்ணன் மகளும் நர்ஸ்தான். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். இவள் நிரந்தரமாகாமல் போனால் அந்த இடம் யாருக்கு? சாப்பாட்டு அறையில் தன்னைக் கண்டதும் பேச்சு நின்றுபோன நாட்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மருந்து எடுக்கும்போது பெரியக்கா எப்போதும் முதுகைக் காட்டியே நிற்பார். ஏன் முதுகைக் காட்ட வேண்டும்? காட்டியது ஒரு ஊசி, போட்டது வேறு ஊசியோ? அறுபது வயது மனிதர் செத்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற அளவுக்கா? நினைத்துப் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. ஆனால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் விசாரணை.

அவள் அம்மா அதே ஆஸ்பத்திரியில், அதே மாடியில் துப்புரவு வேலை. இது அங்கே யாருக்கும் தெரியாது. அது அம்மா போட்ட சட்டம். "வார்டுல என்னை அம்மான்னு கூப்பிட்டுடாத. அப்புறம் உன்னை எவளும் சிஸ்டர்னு கூப்பிடமாட்டா" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆறு மாதமாக இரண்டு பேரும் நடைபாதையில் ஒருவரை ஒருவர் கடந்துபோகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு அது நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"உண்மையச் சொல்லு. நீ என்னடி பண்ணின?"

"நீயுமா?"

"நானும்தான். துடைப்பத்தோட நின்னா நான் ஒரு மனுஷின்னே யாருக்கும் தோணாது. என் காதுகிட்டயே பேசறாங்க. அந்தப் புதுப்பொண்ணு வேணும்னே பண்றாங்கறா ஒருத்தி. இல்ல, பெரியக்காவுக்குக் கண்ணு தெரியல, கண்டதையும் எடுத்துப் போடறாங்கங்கறா இன்னொருத்தி."

"நீ எதை நம்பற?"

"நான் எதுக்கு நம்பணும்? எனக்கு என் பொண்ணு வேலை நிரந்தரமாகணும். பெரியக்காதான் எடுத்தாங்கன்னா, அவங்கதான் எடுத்தாங்கன்னு எழுதிக் குடு. பொய்யா எழுதற?"

பொய் இல்லைதான். அதுதான் இடித்தது.

"கால்ல என்ன?" என்று பேச்சை மாற்றினாள்.

"உங்க வார்டு மூடிதான். ஊசி மூடிய வாளில போடுங்கன்னா வாளிக்கு வெளியதான் எறியறீங்க. நாலு வருஷம் காலேஜுல குறி பாத்துப் போடச் சொல்லித் தரலையா? ஆரஞ்சுன்னாலும் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சிவப்பு சனியன் சிவப்புத் தரையில தெரியவே மாட்டேங்குது. மிதிச்சேன், உருண்டுச்சு, சுவரைப் பிடிச்சதால தப்பிச்சேன்."

அவள் குடிக்க எடுத்த தண்ணீரைக் கீழே வைத்தாள்.

"சிவப்பா? சிவப்பு தீர்ந்து ரெண்டு மாசமாச்சே."

"உனக்கு ஆச்சு. எனக்கு ஒரு வாரமா வருது. ஒரு நாள் ஆரஞ்சு, ஒரு நாள் சிவப்பு. கூட்டறவ நானா, நீயா?"

அம்மா தைலத்தை மூடிவிட்டுப் படுத்துவிட்டாள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு ஊசியில் முப்பதாம் கோடு என்றால் பன்னிரண்டு யூனிட். சிவப்பு ஊசியில் முப்பதாம் கோடு என்றால் முப்பது யூனிட். இரண்டரை மடங்கு. குப்பி குறைந்தது சரி. மதியம் போட்ட ஊசி இரண்டு மணி நேரம் கழித்து ஆளைக் கவிழ்த்தது சரி. வந்த கோபத்தில் பல்லைக் கடித்தாள். இருபத்திரண்டு வருடம் சிவப்பு ஊசியில் வேலை பார்த்தவருக்கு இது தெரியாதா? தெரியாமல் எப்படி இருக்கும்? தெரிந்தே செய்திருக்கிறார்!

மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் வார்டில் இருந்தாள். மருந்து மேசையின் எவர்சில்வர் தட்டில் ஊசிகள் குவிந்து கிடந்தன. சிவப்பும் ஆரஞ்சும் கலந்து. ஸ்டோரில் போன் செய்து கேட்டாள். "போன திங்கக்கிழமையே சிவப்பு ரெண்டு பெட்டி அனுப்பியாச்சேம்மா. ராத்திரி டியூட்டில வாங்கிக்கிட்டாங்க" என்றார் ஸ்டோர்காரர். வாங்கியவர்கள் தட்டில் கொட்டிவிட்டார்கள். ஒரு சீட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் நேற்று மதியம் போட்டது சிவப்புதான் என்பதற்குச் சாட்சி வேண்டும். மேசைக்குக் கீழே இருந்த வாளி இன்னும் காலியாகவில்லை. குனிந்து, கையுறையோடு உள்ளே கைவிட்டுத் துழாவினாள். பஞ்சு, உறை, ஆரஞ்சு மூடி ஒன்று. இன்னும் கீழே சிவப்பு ஒன்று.

"என்ன தேடறீங்க சிஸ்டர்?"

ஏழாம் படுக்கைக்காரரின் மகள், நோட்டோடு தலைக்கு மேல் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"ஒண்ணுமில்ல. ஒரு பொருள் விழுந்துடுச்சு."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு திருட்டுத்தனமாக இருந்தது என்று உறைத்தது. மகள் கண்ணைச் சுருக்கினாள்.

"குப்பையிலயா விழுந்துச்சு? எங்கப்பாவுக்குப் போட்ட ஊசிய எடுத்து ஒளிச்சு வைக்கப் பாக்கறீங்களா? கையைக் காட்டுங்க!"

குரல் கேட்டு வார்டே திரும்பியது. நடைபாதையிலிருந்து துடைப்பத்தோடு அம்மா வேகமாக வந்தாள். வாளியை வெடுக்கென்று பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா இங்க சத்தம்? குப்பை எடுக்கறது என் வேலை. சிஸ்டர், நீங்க கைய எடுங்க. நான் கொண்டுபோய்க் கொட்டிடறேன்."

பெற்ற பெண்ணைக் காப்பாற்றுவதாக நினைப்பு. சாட்சி போகிறது!

"அம்மா, விடும்மா அதை!"

வார்த்தை வாயிலிருந்து போய்விட்டது. நோயாளி வீட்டுக்காரர்களைக் கூப்பிடுகிற அம்மா இல்லை அது. கேட்ட யாருக்கும் தெரியும். அம்மாவின் கை வாளியின் மேல் அப்படியே நின்றது.

"அம்மாவா?" என்றாள் நோட்டுக்காரி. இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். "ஓ, குடும்பமே கூட்டுக் களவாணியா? ஒருத்தி போடறது, ஒருத்தி கூட்டறது!" என்று சொல்லி, அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த நிமிடம் மருந்து மேசைக்கு வந்து நின்றார் பெரியக்கா. அவளையும் அம்மாவையும் வாளியையும் பார்த்தார். ஓஹோ என்பதுபோல் ஒரு பார்வை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

மதியம் பன்னிரண்டரை. அவள் கட்டுப் பிரிக்கப் போகவில்லை. தன் இடத்தில் நின்று பெரியக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று முடிவு. மேட்ரனுக்கு ஒரு பெயர்தானே வேண்டும்.

பெரியக்கா தட்டுக்குள் பார்க்காமலே கைவிட்டார். வந்ததை எடுத்தார். மூடியைக் கழற்றி வாளிப் பக்கம் எறிந்தார். சிவப்பு. குப்பியைக் குத்தி மருந்தை இழுத்தார். வழக்கம்போல் ஊசியைத் தூக்கிக் காட்டினார்.

"முப்பது."

வாய் தன்னால் திறந்தது. சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிடிப்பதற்கென்றே காத்து நின்றவள் வாயிலேயே அது வந்தது. அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஒரு வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஊசியை அவள் பார்த்திருக்கிறாளா? முப்பது என்ற சொல்லைக் கேட்டாள், சரி என்றாள். ஆரஞ்சு ஊசியில் முப்பது என்றால் குழாயில் கால்வாசிக்குச் சற்று மேல், சிவப்பில் முக்கால்வாசி. பக்கத்தில் போயிருந்தால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்கும். நிறத்தைச் சொல்கிற மூடியோ, அவளிடம் காட்டுவதற்கு முன்பே வாளிக்குப் போய்விடுகிறது.

"சரியில்லக்கா," என்றாள்.

"என்ன?"

"சரியில்ல. அது சிவப்பு ஊசி. முப்பது எடுத்தா முப்பது யூனிட். எதுக்குக்கா இப்படிப் பண்றீங்க? அந்த மனுஷன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாரு?"

பெரியக்காவின் முகம் சிவந்தது. "நான் பண்றேனா? நல்லா இருக்கே கதை! உன் பின்னால நான் ஒரு வாரமா கண்ணு வச்சிருக்கேன்டி. நான் போட்டுட்டுப் போனதும் நீ திருட்டுத்தனமா இன்னொரு ஊசி போடறியோன்னு. குப்பையக் கிண்டறவ நீ. என்னைக் கேக்கறியா?"

"அந்த ஊசியப் பாருங்க முதல்ல!"

"எதுக்குப் பாக்கணும்? முப்பதுன்னு இருக்கு, முப்பது எடுத்தேன்!" பெரியக்கா அலமாரிக் கதவைப் படாரென்று திறந்து விரலால் குத்திக் காட்டினார். "யார் எழுத்துடி இது? நானா எழுதினேன்?"

பன்னிரண்டுக்கு முப்பது. அவள் கையெழுத்து. பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் கட்டம் போட்டு, அடிக்கோடு இட்டு, அழகாக எழுதியிருந்தாள். எந்த ஊசிக்கு என்று மட்டும் எழுதவில்லை. அன்றைக்கு வார்டில் ஒரே வகை ஊசிதான் இருந்தது. அதனால் தோன்றவே இல்லை.

பெரியக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கையிலிருந்த ஊசியை அப்போதுதான் உற்றுப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். ஒரு சிவப்பையும் ஒரு ஆரஞ்சையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஐயோ," என்றார் மெல்ல. "மூணு நாளு."

அவள் மருந்தைக் கொட்டிவிட்டு, புதுச் சிவப்பு ஊசியில் பன்னிரண்டு எடுத்தாள்; இருவருமாகக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்துப் போட்டார்கள். தட்டிலிருந்த ஆரஞ்சு ஊசி அத்தனையையும் பொறுக்கி ஒரு பையில் கட்டினாள். அட்டையைக் கதவிலிருந்து பிய்த்து எடுத்தாள். கோபம் போகவில்லை. அது பாயும் இடம்தான் மாறியிருந்தது.

மேட்ரன் இருவரிடமும் முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாரும்மா. ஸ்டோர்ல கலந்து அனுப்பினாங்கன்னு எழுதினா ஸ்டோர்காரங்க என்மேல பாய்வாங்க. ராத்திரி டியூட்டின்னு எழுதினா அது ஒரு பஞ்சாயத்து. அட்டைன்னு எழுதினா நான்தான் அதைப் பாராட்டினேன். இதெல்லாம் எதுக்கு? ஊசில எடுத்தது யாரு?"

"பெரியக்கா."

"அவ்வளவுதான். வயசாயிடுச்சு, கண்ணு சரியில்ல, தப்பா எடுத்துட்டாங்க. ஒரு வரி. எழுதிக் குடுத்துட்டு உன் ஃபைல்ல கையெழுத்தப் பாத்துட்டுப் போ. அந்தப் பொண்ணுகிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

பெரியக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். இவள் என்ன எழுதுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை என்பது நின்ற விதத்தில் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இன்று மதியம்வரை அதை எழுதத்தானே அவள் தயாராக இருந்தாள்? அம்மா சொன்னதுபோல் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அப்படி எழுதினால் தட்டில் ஊசி கலந்துதான் கிடக்கும். அடுத்த வார்டில் இன்னொரு அட்டை இருக்கும். இன்னொரு பெரியக்கா தூக்கிக் காட்டுவார், இன்னொரு பி.எஸ்சி. சரி என்பாள்.

உட்கார்ந்து எழுதினாள். அட்டையை எழுதியது நான், எந்த ஊசி என்று அதில் குறிப்பிடவில்லை. சிவப்பு ஊசி வந்ததை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எடுத்தவர் மூடியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே சரி என்று மூன்று முறை கையெழுத்துப் போட்டது நான். கீழே அட்டையை ஒட்டினாள்.

மேட்ரன் படித்தார். படித்ததை மேசையில் போட்டார்.

"எழுதத் தெரிஞ்சா மட்டும் போதாதும்மா. எங்க நிறுத்தணும்னு தெரியணும்."

"தெரியும் மேடம். அதான் நீங்க பாராட்டினதை எழுதல."

ஃபைலை மேட்ரன் இழுப்பறைக்குள் தள்ளி மூடிய சத்தம் நடைபாதைவரை கேட்டது.

நோட்டுக்காரி வெளியே காத்திருந்தாள். பி.எஸ்சி. அவளை நேராக அப்பாவின் கட்டிலுக்குக் கூட்டிப்போய், ஒன்றும் விடாமல் சொன்னாள். மகள் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "எழுதிக்கிட்டேன். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள்.

"நினைக்கல."

லாரிக்காரர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பன்னெண்டு போடற இடத்துல முப்பதா? லாரில இவ்வளவு ஓவர்லோடு ஏத்தினா முதல் முக்குலயே பிடிச்சிருப்பாங்களேம்மா!"

தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. பெரியக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. உறவுக்காரர்கள் ஒரே மாடியில் வேலை செய்யக் கூடாதென்று அம்மாவைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். "ஒரு வரில முடிச்சிருக்கலாம்," என்று அம்மா இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், "பரவாயில்ல, படி ஏற வேணாம். கீழ யாரும் மூடி எறியறதில்ல," என்றாள். மறுநாள் வேலைக்குப் போகும்போது, ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் எதிரிலும் அவள், "அம்மா, சாயங்காலம் சேந்து போலாம், நில்லு" என்று கத்தினாள். அம்மா திட்டிக்கொண்டே தலையாட்டினாள்.

அன்று மதியம் பன்னிரண்டரைக்குப் பெரியக்கா மேசையில் நின்று பன்னிரண்டாம் கோடுவரை மருந்தை இழுத்தார். ஊசியைத் தூக்கிக் காட்டவில்லை. இன்னொரு உள்ளங்கையில் சிவப்பு மூடியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் கட்டுப் பிரிப்பதை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மேசைவரை நடந்துபோனாள். மூடியைப் பார்த்தாள். ஊசியை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். குப்பியைப் பார்த்தாள். டாக்டர் எழுதிய தாளைப் பார்த்தாள். மறுபடியும் ஊசியைப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா?" என்றார் பெரியக்கா. "என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லக்கா."

"நல்லது. எனக்கும் உன்மேல இல்ல. நீ கையெழுத்துப் போடு, சரியாப் போடறியான்னு நான் பாக்கறேன்."

கட்டிலிலிருந்து லாரிக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூப்பிட்டார். "சண்டை முடிஞ்சுதா? சாப்பாடு ஆறுது."

"இருங்க," என்றார்கள் இரண்டு பேரும்.